ஆணி தெரியாத கால்

தீவுப் பட்டணத்து டத்தோ கிராமாட் வட்டாரத்தில் டயர் கடை அய்யாக்கண்ணு என்றால் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனுஷன். எதிர்க்கரையில், பிறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தார். அரைக்கால் சட்டையோடு ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். ஜுருவில் தவுக்கே என்று எல்லாரும் அழைத்த ஒரு சீன முதலாளியின் பட்டறையில் டயர் கழற்றப் பழகினார். கடைசியில் சொந்தப் பெயரில் பலகை மாட்டிக் கடை வைத்தார். அந்தப் பலகையை அவராலேயே வாசிக்க முடியாது என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசியவர்கள் உண்டு. பேசியவர்களும் அவர் கடையில்தான் வந்து டயர் மாற்றினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பலகை இருக்கிறது?

கையால் தடவிப் பார்த்தே டயரில் முள் எங்கே, கண்ணாடிச் சில் எங்கே என்று சொல்லிவிடுவார். தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. வழி கேட்டு வந்தவனிடம்கூட ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டித்தான் அனுப்புவார்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் அவருக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பொட்டானிக்கல் தோட்டத்துப் பக்கம் நடந்தபோது, வெள்ளைக் கால்சட்டையும் சப்பாத்துமாய்ச் சில பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆபீசில் எழுதும் கிராணிகள், வாத்தியார்கள். சும்மா ஒரு விளையாட்டுக்கு அவர்கள் பின்னாலேயே ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. மலையடி வாசலுக்கு வரும்போது எல்லாரும் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான்.

வேட்டி போய்க் கால்சட்டை வந்தது. சப்பாத்து மட்டும் வரவில்லை.

"தோட்டத்துச் செம்மண்ணுல நடந்த கால். தொங்கான் படகுப் பலகையில மூட்டையோட நடந்த கால். இதுக்கு எதுக்குலா தோலு?" என்பார். அவர் பாதத்தைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொரிந்து, கறுத்து, புது ரப்பர் ஏற்றிய லாரி டயர் மாதிரி இருக்கும்.

அவரோடு வருஷக்கணக்காக ஓடியவர் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்பான் சப்பாத்து, மடிப்புக் கலையாத காலுறை, கழுத்தில் துண்டு. எல்லாம் இருந்தும் அவர் பார்த்ததெல்லாம் அய்யாக்கண்ணுவின் முதுகைத்தான். படித்தவன் பின்னால் மூச்சு வாங்க வருகிறான் என்ற நினைப்பே அய்யாக்கண்ணுவுக்கு அரை வயிறு பசியாறிய மாதிரி.

அந்த வருஷக் கடைசியில் பாலத்தில் ஓட்டம் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பிறைக்கரையிலிருந்து தீவுக்குக் கடலுக்கு மேலேயே ஓடி வர வேண்டும். கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. எந்தத் தண்ணீரில் மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்கினாரோ, அதே தண்ணீருக்கு மேலே ஓடி வர வேண்டும். கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஜுருவில் இருந்த பழைய தவுக்கேயின் மகனுக்கும் ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம்ம ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. தீபாவளியை ஒட்டி வரும் மழைதான் நமக்குக் குளிர். விடியும்போது மேகம் மலையைவிட்டு இறங்கி மரங்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஓடுகிறவர்களில் பாதிப் பேர் போர்வையைவிட்டு வரமாட்டார்கள். குரங்குகள்கூட ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிளையில் குந்தியிருக்கும். அந்த மழையில்தான் அய்யாக்கண்ணு பாலத்துக்குப் பழகினார். தோட்டத்தைச் சுற்றி, ஜீப் பாதையில் மலையேறி, பாதி வழித் தேநீர்க் கொட்டகையைத் தொட்டுவிட்டு இறங்குவார். ஈரத்தில் ஊறிய கால் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அப்படியே கடைக்கு வந்து வேலையைத் தொடங்குவார்.

ஒரு நாள் காலையில் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பல வருஷமாக வேலை செய்யும் காஜா மொய்தீன் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஆணி இருக்கு."

"எந்தக் காடி டயர்ல?"

"காடியில இல்லண்ணே. உங்க கால்ல."

திரும்பிப் பார்த்தால், வலது உள்ளங்காலில், பெருவிரலின் கீழே, ஆணியின் தலை பளபளவென்று தெரிந்தது. எப்போது ஏறியதோ, மலையிலா, ரோட்டிலா. அதை வைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். காஜா மொய்தீன் குறட்டால் பிடுங்கினார். இரத்தம் கெட்டியாக, மெதுவாக வந்தது.

"வலிக்கலையாண்ணே?"

"வலியா? இது என்ன பாசார்ல வாங்குன காலா?"

டயர் மாற்ற வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். அய்யாக்கண்ணு அந்த ஆணியைத் துடைத்துக் கல்லாமேசை மேல் வைத்தார். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஆணி ஏறினாலும் தெரியாத கால், பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஓட்டம் முடிந்து தோட்டத்து வாசல் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது அதே கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். தபால் இலாகாவில் வேலை செய்யும் வாசு வாயைப் பிளந்து கேட்டான். விஸ்வலிங்கம் மட்டும் குவளையைக் கீழே வைத்தார்.

"காணும், உண்மையா ஒண்டும் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சாத்தானே ஐயா சொல்ல."

"இரவில எத்தினை தரம் எழும்புறீர், சலம் போக?"

"இது என்ன கேள்வி. மழைக்காலத்துல எல்லாரும்தான் எழுந்திருப்பாங்க."

"விடாய் கூடவோ?"

"ஓடுறவனுக்கு விடாய் இல்லாம, உக்காந்திருக்கிறவனுக்கா இருக்கும்?"

விஸ்வலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருக்கா சோதிச்சுப் பாரும். சீனி வருத்தம் இருந்தா கால் மரத்துப்போகும். நீர் உறுதி எண்டு நினைக்கிறீர். அது உறுதி இல்லை, வருத்தம்."

அய்யாக்கண்ணு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஐயாவுக்கு என் முதுகைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. என்னை வீட்டுல உக்கார வச்சிட்டா பாலத்துல முன்னால போகலாம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். விஸ்வலிங்கம் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனிப்பு நீர் என்பது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி. இதுதான் அய்யாக்கண்ணுவின் எண்ணம். மூட்டை தூக்கிய உடம்பில் அது எப்படி நுழையும்? தீபாவளிக்கு வந்த அதிரசத்தையும் லட்டையும் வழக்கம்போலவே சாப்பிட்டார். எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கப் போன மனைவி ஜெயலெட்சுமி, "கக்கூஸ்ல ஒரே எறும்பா மொய்க்குது," என்றாள். "மழைக்கு எறும்பு வீட்டுக்குள்ளதான் வரும்," என்று அவர் முடித்துவிட்டார்.

ஆணி போன இடம் மட்டும் மூடவில்லை. மஞ்சள் மருந்தைப் போட்டுப் பார்த்தார். மழையில் ஓடியதும் மருந்து கழுவிக்கொண்டு போயிற்று. ஓட்டையென்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பழைய டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, பஞ்சுக்கு மேலே அழுத்தி ஒட்டிக்கொண்டார். நல்ல ஒட்டு. பழகி வாலாயமான கை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அது வெளியே தெரியக்கூடாதே என்று ஒரு சோடிக் கித்தான் சப்பாத்தும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் சப்பாத்தோடு வந்து நின்றதும் வாசு சுற்றி வந்து பார்த்தான்.

"என்னண்ணே, காலுக்குக் கல்யாணமா?"

"பாலத்துல தாரு சூடா இருக்குமாம். பழகிக்கிறேன்."

"விடியக்காலை ஓட்டத்துல என்னண்ணே சூடு?"

"ஓடும்போது உனக்குத் தெரியும், போடா."

விஸ்வலிங்கத்தின் கண் காலுக்குப் போனது. வலது சப்பாத்தின் கயிறு மட்டும் கட்டாமல் அகன்று கிடந்ததைப் பார்த்தார். எல்லாரும் ஓடத் தொடங்கியபோது அவர் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து, பஸ் ஏறி, நேரே டத்தோ கிராமாட்டுக்கு அய்யாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார்.

அன்று அய்யாக்கண்ணு மலையில் பாதிகூட ஏறவில்லை. கால் வலித்து அல்ல. காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கியது. மழைக் குளிர் என்று சொல்லிக்கொண்டு வீடு வந்தார். ஜெயலெட்சுமி வாசற்படியிலேயே பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தாள்.

"உக்காருங்க. சப்பாத்தைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"டிரெஸ்ஸர் ஐயா வந்துட்டுப் போனாரு. கழட்டுங்க."

கழற்றினார். வீட்டுக்குள் அந்த வாடை பரவியது. ஒட்டியிருந்த கறுப்பு வட்டத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன, டியூப் ஒட்டுற பசையா?"

"தண்ணி போகாம இருக்கத்தான்."

"தண்ணி போகல. மத்ததெல்லாம் உள்ளேயே தங்கிடுச்சு."

அவர் காலை இழுத்துக்கொண்டார். பிறகு, "பாலம் முடியட்டும். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போறேன். இத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"சொன்னவங்க யாரும் உங்க கால்ல நடக்கப்போறதில்ல. காஜா அண்ணனைக் காடி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அவரைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சலேஹா என்ற சின்ன வயசு மலாய்ப் பெண் பார்த்தாள். இரத்தத்தில் இனிப்பு எவ்வளவு என்று தாளைப் பார்த்தவள் இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு சிறு ஊசியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரைப் பெரியப்பா முறையில் பாச்சிக் என்று அழைத்து மலாயில் பேசினாள்.

"கண்ணை மூடிக்குங்க, பாச்சிக். ஊசி பட்டதும் சொல்லுங்க."

அய்யாக்கண்ணு கண்ணை மூடினார். இதில் ஜெயித்துவிட்டால் பாலம் உண்டு என்று அவருக்குத் தோன்றியது. காதைத் தீட்டிக்கொண்டார். அவள் வளையல் அசைகிற சத்தம் வந்தது.

"இப்ப," என்றார்.

சத்தமில்லை.

"இப்ப. பெருவிரல்ல."

அதற்கும் சத்தமில்லை. "இப்ப நல்லாவே குத்துது," என்று கண்ணைத் திறந்தார். ஊசி தட்டில் கிடந்தது. டாக்டரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"பாச்சிக், நான் இன்னும் தொடவே இல்ல," என்றாள்.

ஜெயலெட்சுமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அழுகல் நிற்காமல் மேலே ஏறியதால் வலது முன்பாதத்தையும் எடுத்தார்கள். பாலத்து ஓட்டத்தன்று அவர் வார்டில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "நான் மட்டும் இறங்கியிருந்தா இன்னிக்குக் கதையே வேற," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் தூங்கிப்போயிருந்தார்.

மத்தியானம் விஸ்வலிங்கம் வந்தார். தலை இன்னும் காயவில்லை. ஓடி முடித்த பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். நாடா மட்டும் வெளியே தொங்கியது.

"ஓடிட்டீங்களா ஐயா?"

"ஓடினன். பாதித் தூரம் நடந்தன். முன்னால உம்மட முதுகு இல்லை, எவ்வளவு வேகத்தில போறதெண்டு விளங்கேல்லை."

"நடுப்பாலத்துல காத்து எப்படி?"

"பக்கவாட்டில அடிச்சுது. மழையும்."

"கீழ ஃபெர்ரி தெரிஞ்சிச்சா?"

"மழையில ஒண்டும் தெரியேல்லை, காணும்."

அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். "அப்ப நான் பெருசா ஒண்ணும் பார்க்காம விட்டுடல," என்றார். விஸ்வலிங்கத்தின் கை பைப்பக்கம் போனதைப் பார்த்ததும், "அதை வெளிய எடுக்காதீங்க ஐயா. ஓடாதவனுக்குக் காட்டக்கூடாது," என்றார். விஸ்வலிங்கம் தொங்கிய நாடாவையும் பைக்குள் தள்ளிவிட்டார்.

மழைக்காலம் முடிந்து அவர் கடைக்குத் திரும்பினார். முன்பக்கம் பஞ்சு அடைத்த சப்பாத்தும் ஒரு தடியும். நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை சொல்லுவார். கல்லாமேசை மேல் அந்த ஆணி அப்படியே கிடந்தது. பழைய ஆட்கள் யாராவது எடுத்துப் பார்த்துக் கதை கேட்டால் காஜா மொய்தீன் முந்திக்கொண்டு வேறு பேச்சு எடுப்பார். ஆணியைத் தூக்கிப் போட அய்யாக்கண்ணுவும் சொல்லவில்லை.

மிச்சமிருக்கும் இடது காலைத் தினமும் பார்க்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தாள். சாயங்காலம் ஜெயலெட்சுமி கீழே உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள். ஓரம், நடு, விரலிடுக்கு. அவர் டயரைத் தடவுவதை முப்பது வருஷமாகப் பார்த்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவள் கை நடுவில் நின்றது.

"இப்ப என் கை எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். விரல் என்று சொல்லலாம், குதி என்று சொல்லலாம். இரண்டில் ஒன்று சரியாகவும் இருக்கலாம்.

"தெரியல," என்றார்.

அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, மறுபடியும் ஓரத்திலிருந்து தடவத் தொடங்கினாள்.