கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் என்று ஞாபகம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. நான் கல்லூரியில் கடைசி வருடம். கம்ப்யூட்டர் கேம் என்றால் எனக்கு உயிர். அதிலும் கார் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். 'பொம்பளப் புள்ளைக்கு இன்னா இந்த ஆசை' என்று கேட்காத சொந்தக்காரர்கள் பாக்கி இல்லை. கேட்டால் கேட்டுக்கொள்ளட்டுமே! தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திச் சேர்த்த காசு என்னுடையது.

ஆனால், அந்தக் காசுக்கு ரெடிமேடாக வாங்கினால் லெட்டர் டைப் அடிக்கத்தான் லாயக்குப்படும். பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டலாம் என்றாள் என் தோழி. கல்லூரி லேபில் பழைய மிஷின்களைக் கழற்றி மாட்டிய தைரியம் எங்கள் இருவருக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, செருப்புக் கடை. பேரம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. எனக்கோ, கடைக்காரர் விலை சொன்னதும் பர்ஸைத் திறந்துதான் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். "தம்பிக்கு வாங்கறீங்களா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாகங்களை உள்ளே மாட்டும் பெட்டிதான் கேபினெட்; கண்ணாடிப் பக்கமும் நீல விளக்குமாக ஒன்று இருந்தது பாருங்கள், அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். "லைட்டைப் பாத்துகிட்டே உக்காந்திருக்கப் போறியா, கேம் ஆடப் போறியா?"

வேறு வழி? சாதாரணக் கறுப்பு கேபினெட். பிராசஸரில் ஒரு படி இறங்கினோம். மானிட்டர் புதிதாக வேண்டாம், சித்தப்பா வீட்டில் சும்மா கிடக்கும் குண்டு மானிட்டர் போதும். இப்படிப் பிடித்துப் பிடித்து மிச்சம் பிடித்ததையெல்லாம், கேம் படத்தைத் திணறாமல் காட்டும் கிராபிக்ஸ் கார்டில் கொட்டினோம். எஸ்.எம்.பி.எஸ். என்று ஒன்று உண்டு. கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாகவே வரும். அது இந்தக் கார்டுக்குத் தாங்காது, நல்லதாகத் தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்று தோழி பிடிவாதம் பிடித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஓசியில் கிடைப்பதை வைத்துக்கொண்டு காசு கொடுத்து இன்னொன்றா?

பில் போடும்போது கடைக்காரர் சொன்னார்: "எல்லாத்துக்கும் வாரண்டி கீது மேடம். ஆனா எரிஞ்சு போச்சுன்னு மட்டும் எடுத்துகினு வந்துராதீங்க. எரிஞ்ச சாமானை கம்பெனிக்காரன் கையால தொடமாட்டான்."

எலெக்ட்ரிக் ட்ரெயினில் அட்டைப் பெட்டிகளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். எதிரே பூக்கூடையோடு இருந்த அக்கா, "இன்னாம்மா, இம்மாம் பெரிய பொட்டி! கல்யாண சீரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் தோழி. தாம்பரம் வரும் வரை மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை என்று விசாரணை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாயை விரித்து, சாப்பாட்டையும் மறந்து மாட்டினோம். கடைசித் திருகாணியை முடுக்கி, ஒயரைச் சுவரில் செருகி, நான் ஸ்விட்ச்சில் கை வைக்கிறேன்.

"ஏய், இரு! மணி நாலரை ஆச்சு. ராகுகாலம். ஆறு மணிக்கு மேல போடு" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல்.

எனக்கு வந்ததே கோபம்! "கம்ப்யூட்டருக்கு ஏதும்மா ராகுகாலம்?" என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. தோழியாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "ஆன்ட்டி சொல்றாங்கல்ல, பொறுடி. அதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம்" என்று கட்சி மாறிவிட்டாள். நான் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா சும்மா இருப்பாளா? சந்தனக் கிண்ணம், குங்குமம், எலுமிச்சம்பழம் சகிதம் வந்துவிட்டாள். அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பூஜை போட்ட மாதிரியே போட வேண்டுமாம். "பழத்தை எங்கடி வெக்கறது, இதுக்குச் சக்கரமே இல்லையே?" என்று அவள் கேட்டதும் தோழி டீயைத் துப்பிவிட்டாள். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்குப் பொட்டு, மவுஸுக்குக்கூட ஒரு குட்டிப் பொட்டு. வண்டி என்றால் பின்பக்கமும் வைக்க வேண்டுமல்லவா, கேபினெட்டையும் திருப்பினாள்.

"இது இன்னாடி, செவப்பா ஒரு ஸ்விட்ச்சு? நூத்திப் பதினஞ்சுன்னு போட்டிருக்கு. இது மேலயே பொட்டு வெச்சிடட்டுமா?"

மூலையிலிருந்து எழுந்து ஓடி வந்தேன். தோழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால், எந்த வோல்டேஜ் என்று தள்ளி வைக்கும் ஸ்விட்ச் அது. நம் வீட்டுக் கரண்டுக்கு இருநூற்று முப்பதில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கரண்டுக்கான நூற்றுப் பதினைந்திலேயே இருந்திருக்கிறது. நான் மட்டும் நாலரை மணிக்கு ஸ்விட்ச்சைத் தட்டியிருந்தால் ஒரு 'டமார்', கொஞ்சம் புகை. அதோடு கதை முடிந்திருக்கும். கிராபிக்ஸ் கார்டும் கூடவே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. மறுபடி காசு சேர்க்க எத்தனை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமோ!

"நீ பாத்திருப்பன்னு நெனச்சேன்டி" என்றாள் தோழி. நானும் அவளைத்தான் அப்படி நினைத்திருந்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் அதை இருநூற்று முப்பதுக்குத் தள்ளினாள் அவள். விஷயம் புரிந்ததும் அம்மா சந்தனக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! "ராகுகாலத்துல போட்டிருந்தா எரிஞ்சிருக்குமா, எரிஞ்சிருக்காதா? சொல்லு!"

எரிந்திருக்கும். அதுதானே உண்மை!

ஆறு மணிக்கு மேல் போட்டோம். முதல் முறையே ஓடியது. சந்தன வாசனையோடு மூன்று பேரும் மாறி மாறிக் கார் ஓட்டினோம். அம்மா ஓட்டிய வரை சுவரில்தான் முட்டினாள், இருந்தாலும் கீபோர்டை விடுவதாக இல்லை.

ராகுகாலத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால், அவசரத்தில் இருக்கும்போது யாராவது 'கொஞ்சம் பொறு' என்றால் இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு பொறுக்கிறேன். எல்லாம் தெரிந்த நாங்கள் இருவரும் எட்டிப் பார்க்காத பின்பக்கத்தை, பொட்டு வைக்க இடம் தேடிய அம்மாதானே திருப்பிப் பார்த்தாள்.