மருத்துவருக்குச் சொல்லாத எண்ணூறு கலோரி

கேட்டைப் பூட்டப் போனபோது கை நடுங்கியது. சாவி பூட்டின் துளைக்குள் போகவில்லை. மார்கழிக் காலைக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. அடுத்து நினைவில் இருப்பது, சிமெண்டுத் தரை என் கன்னத்தில் சில்லென்று பட்டதும், எதிர்வீட்டு ரோஸி டீச்சரின் குரலும்தான்.

"சார், ஏன் சார் இங்கன கெடக்கீக? அக்கா ஊர்ல இல்லாத நேரத்துல இப்படிப் பண்றீகளே."

தேனியில் ஒரு மருத்துவமனையில் கண்விழித்தேன். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எனக்கு வந்தது தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது) என்றார்கள். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை கூடிவிடக் கூடாது என்றே பயந்து வாழ்ந்தவன் நான். அது இறங்கியும் ஆளை வீழ்த்தும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

என்னைப்போல் வயதான காலத்தில் எடையைக் குறைக்க முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். உத்தமபாளையத்தில் வீடு. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அறுவை சிகிச்சைக்கு முன் பத்துக் கிலோ குறைத்தால் நல்லது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அதற்காகச் சர்க்கரை மருத்துவரிடம் போனேன். மகள் வயதுள்ள பெண், பொறுமையாகப் பேசுபவர்.

"ஐயா, இப்ப இருக்கிற எடையிலேயே நீங்க இருக்கணும்னா ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கலோரி வேணும். ஆயிரத்து ஐந்நூறு சாப்பிடுங்க. அதுக்குக் கீழ போக வேண்டாம். வாரம் அரைக் கிலோ இறங்கினாப் போதும். சாப்பாடு குறையக் குறைய மாத்திரையையும் குறைக்கணும். அதனால எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க."

கலோரிப் பற்றாக்குறை (உடல் செலவழிப்பதைவிடக் குறைவாக உண்பது) என்பதை இவ்வளவு எளிதாக அவர் விளக்கியும் நான் கேட்கவில்லை. வாரம் அரைக் கிலோ என்றால் பத்துக் கிலோவுக்கு ஐந்து மாதம் ஆகும். எனக்கு இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். திராட்சைத் தோட்டக்காரர்களிடம், மருந்தைக் கூட்டி அடித்தால் பூச்சி சீக்கிரம் சாகாது, கொடிதான் கருகும் என்று வேலையில் இருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு வந்ததும் மனைவி பாக்கியத்திடம், "டாக்டரம்மா ஆயிரத்து நூறுதான் சாப்பிடச் சொன்னாக" என்றேன். அன்று அவள் என்னோடு வந்திருக்கவில்லை. டாக்டரைப் பார்த்துவரத் துணை எதற்கு என்று நான்தான் அவளை வீட்டில் விட்டுப் போயிருந்தேன்.

சமையல்கட்டில் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்தேன். சோறு, பருப்பு, காய் எல்லாம் நிறுத்துத் தட்டுக்கு வந்தன. முதல் மூன்று வாரங்களில் நன்றாகவே இறங்கியது. வயதானவர்களுக்கு எடை குறைவது முதலில் முகத்தில்தான் தெரியும். எனக்குக் கன்னம் ஒட்டிவிட்டது.

அந்த நேரத்தில் மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் ஒரு மனிதன் இளைத்தால், அவனுக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன் அவன் வீட்டுக்காரியைத்தான் பார்ப்பார்கள். பந்தியில் பாக்கியத்தின் தம்பி மனைவி எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "என்ன மதினி, அண்ணன் இப்படி வத்திப் போயிட்டாக? வீட்டுல உலை வைக்கிறீகளா, இல்லையா?"

இலையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாக்கியம் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்ததோடு சரி.

அதன் பிறகு எடை இறங்கவில்லை. அதே சோறு, அதே காய், அதே தராசு. ஆனால் எடை பார்க்கும் கருவியின் முள் வாரத்துக்கு வாரம் அங்கேயே நின்றது. என் உடம்பே என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பிடிவாதம் பிடிக்கும் உடம்புக்கு இன்னும் குறைத்தால்தான் புத்தி வரும் என்று, ஆயிரத்து நூறை எண்ணூறாக்கினேன். அதுவும் டாக்டர் சொன்னது என்றே வீட்டில் சொன்னேன். டாக்டரிடமோ, அவர் சொன்ன அளவையே சாப்பிடுவதாகச் சொன்னேன். மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

மார்கழி பிறப்பதற்கு முன்பே, மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்குப் பாக்கியம் கோயம்புத்தூர் போனாள். கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் இந்த நிறுவையை எல்லாம் நிறுத்தி வைங்களேன்" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் நானே சமைத்துக்கொண்டேன். எடை மளமளவென்று இறங்கியது. ஒரே மாதத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் போயிற்று. நாற்காலியில் இருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. குளித்துவிட்டு வந்தால் களைத்தது. இதெல்லாம் வெற்றியின் அடையாளம் என்று எண்ணினேன். அந்த மகிழ்ச்சியில் இருந்தபோதுதான் கேட்டருகில் விழுந்தேன்.

பிறந்து சில நாளே ஆன குழந்தையையும் மகளையும் விட்டுவிட்டுப் பாக்கியம் பஸ் ஏறி வந்தாள். அவள் வந்தபோது என் சர்க்கரை டாக்டர் என் எடைக் குறிப்புகளைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா நகரவே இல்ல. அப்புறம் ஒரே மாசத்துல இவ்வளவு. இதுல பாதி தசை போயிருக்கும். அம்மா, வீட்டுல என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

பாக்கியம் முந்தானையைக் கையில் சுற்றினாள். "அவுக நிறுத்துக் குடுத்ததைத்தான் குடுத்தேன். ஆனா கூட்டுல நிலக்கடலைய அரைச்சு விட்டேன். குழம்புல நல்லெண்ணெயக் கூட ஊத்துனேன். டீக்குக் கெட்டிப் பால்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தராசில் நிறுத்த சோறு அப்படியே இருக்க, அதன்மேல் ஊற்றிய குழம்பு எனக்குத் தெரியாமல் கனத்திருக்கிறது. அந்தக் கள்ளக் கணக்கை நம்பித்தான் நான் எண்ணூறுக்கு இறங்கினேன். அவள் ஊருக்குப் போனதும் அது உண்மையான எண்ணூறு ஆகிவிட்டது. என் தட்டில், என் வீட்டில், எனக்கே தெரியாமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. கட்டிலில் படுத்தபடி, டாக்டரும் நர்ஸும் நிற்கும்போதே சொன்னேன்:

"முப்பத்தெட்டு வருசமா உன் கையால தின்னேன். இனி உன் கையால ஒரு வாய் தண்ணிகூட வேணாம்."

அவள் அழவில்லை. டாக்டரிடம் திரும்பிக் கேட்டாள்: "நீங்க எவ்வளவுமா சாப்பிடச் சொன்னீக?"

"ஆயிரத்து ஐந்நூறு."

"என்கிட்ட எண்ணூறுன்னு சொன்னாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

"ஏங்க," என்றாள் பாக்கியம், "டாக்டரு ஒரு மனுசனப் பட்டினி போடச் சொல்லுவாகளான்னு நான் எத்தன நாளு தூங்காமக் கெடந்தேன் தெரியுமா? ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா நான் எதுக்கு எண்ணெயத் தொடுறேன்?"

நான் அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும். அந்த நேரத்தில் ஏமாற்றப்பட்டவன் என்ற எண்ணம் மட்டுமே எனக்குள் இருந்தது. நான் ஏமாற்றியவன் என்பது உறைக்கப் பல நாள் ஆயிற்று.

வீடு திரும்பிய பிறகு அவள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். சமைத்தாள், பரிமாறவில்லை. குழம்பை எண்ணெய் இல்லாமல் இறக்கி, பக்கத்தில் எண்ணெய் பாட்டிலையும் ஒரு கரண்டியையும் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் இடது கையால் ஊற்றிக்கொள்வேன். மாவுக்கட்டுப் பிரிக்கும் வரை இப்படித்தான் சாப்பிட்டேன். கட்டுப் பிரித்த அன்று மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்," என்றாள். "அடுத்த தடவ டாக்டர்கிட்டப் போறப்ப நானும் வாறேன்."

இப்போது இருவரும் சேர்ந்தே போகிறோம். மாத்திரை பாதியாகிவிட்டது. ஆயிரத்து அறுநூறில் தொடங்கியிருக்கிறோம். தசை திரும்புவதற்குத் தினமும் முட்டையும் பயறும், நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சியும் உண்டு. முழங்கால் அறுவை தள்ளிப்போயிருக்கிறது. உங்களுக்குச் சமைப்பவரை மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார வைக்காதீர்கள். குறைத்ததையும் கூட்டியதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழம்பு ருசியாக இருந்தால் இன்றும் என் கை ஒரு நொடி நிற்கிறது. அவள் அதைப் பார்த்துவிடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றேன். "எவ்வளவுன்னு பாரு" என்றேன்.

"நான் சொன்னா நம்புவீகளா? நீங்களே குனிஞ்சு பாருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முன்பு வயிறு மறைக்கும். இப்போது என் கால்விரல்களும் எண்ணும் தெரிந்தன. ஊரில் மாசித் திருவிழா வாரம் அது. இறங்கியிருக்கவில்லை.

"கால் கிலோ கூடியிருக்கு," என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, எறங்குங்க," என்றாள். "அடுத்த வாரம் பாப்போம்."