ஜூடித் திருத்திய கடல்

ஜூடித் டோரோட் செயின்ட் பீட்டர் போர்ட் மீன் சந்தையில் இருபது வருடமாக நண்டு விற்றவள். அவள் புருஷன் ஆபிரகாம், பாறைகளுக்கு நடுவே கப்பல்களுக்கு வழிகாட்டுகிறவன். நான், கல்லில் படம் வரைந்து அதிலிருந்து அச்செடுக்கும் ஒசான் ஐயாவின் கல்லச்சுக் கடையில் படங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் தீவின் கோட்டையையும் குடாக்களையும் அச்சடித்து, நீராவிக் கப்பலில் வந்திறங்கும் இங்கிலாந்துக்காரர்களுக்கு விற்போம்.

ஒருநாள் காலை, கடை வாசலில் புதிதாக மாட்டியிருந்த கார்னெட் கோட்டைப் படத்தின் முன் ஜூடித் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஐயா வெளியே போய், எதற்குச் சிரிப்பு என்று கேட்டார்.

“கோட்டைமேல கொடி கிழக்க பறக்குது. கீழ கப்பல் பாய் மேற்க உப்பியிருக்கு. உங்க படத்துல மட்டும் ரெண்டு காத்து அடிக்குதாய்யா?”

லண்டன் ஓவியர் வரைந்தது என்று சொல்லிவிட்டு ஐயா உள்ளே வந்துவிட்டார். அந்த வாரமே ஆறு படம் வாங்க வந்த ஒரு கப்பல் தலைவர், அதே பாயைச் சுட்டிக்காட்டிவிட்டு வெறுங்கையோடு போனார். மறுநாள் ஐயா சந்தைக்குப் போய், அடுத்த கல்லை அச்சுக்கு ஏற்றுமுன் வந்து பார்க்கும்படி ஜூடித்தைக் கேட்டார். என் நண்டை யார் விற்பார்கள் என்றாள். கூடையோடு வாங்கிக்கொண்டார். அன்று எங்கள் எல்லோருக்கும் நண்டுதான் சாப்பாடு.

கல்லில் படம் இடவலம் மாறியிருந்தது. நான் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்க, பக்கத்திலேயே துறைப் படிகள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருந்தன. ஜூடித் இரண்டையும் தொட்டுக் காட்டி, கடல் வற்றியிருக்கிறதா ஏறியிருக்கிறதா என்று கேட்டாள். ஐயா ஊசியை எடுத்துச் சுரண்டி, கடலை ஐந்து படி கீழே இறக்கினார்.

கோடையில் அந்த லண்டன் ஓவியர் விண்டர்போர்ன் வந்தார். ஒரு மீன்காரி சொல்லித் தன் படத்தைத் திருத்தினார்கள் என்று கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. ஜூடித் சண்டைக்குப் போகவில்லை.

“நீங்க கரையிலேருந்தே பாத்திருக்கீங்க, தொரை. நாளைக்கு எங்க படகுல வாங்க. கோட்டையச் சுத்திக் காட்டுறேன்.”

வீம்புக்காகவே அவர் போனார். ஆபிரகாம் கப்பலுக்குப் போயிருந்ததால் ஜூடித்தே துடுப்புப் போட்டாள். அவர் வரைவதற்காக, ஏறிவரும் நீரில் இரண்டு மணி நேரம் படகை நகரவிடாமல் பிடித்திருந்தாளாம். முழங்கால்வரை நனைந்து திரும்பியவர், எங்கள் மேசையில் தாளை விரித்து, ஏதாவது தப்பு இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். வெகுநேரம் பார்த்தாள்.

“கடல் சரியா இருக்கு. முன்னால துடுப்புப் போடுறவ மூக்குதான் கொஞ்சம் பெருசு.”

அவர் சிரித்துவிட்டார். மூக்கை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்.

அந்தப் படத்தை மூன்று தடவை அச்சடித்தோம். பிறகு பதினொரு வருடம், ஜூடித் பார்க்காமல் எந்தக் கல்லும் அச்சேறவில்லை. நான் கடலுக்குப் பூசும் நீலத்தோடும் மல்லுக்கு நின்றாள். கொஞ்சம் பச்சை கலந்த பிறகுதான் விட்டாள். படம் வாங்கிய வெளியூர்க்காரர்கள் படகுக்காரியைத் தேடிச் சந்தைக்குப் போவார்கள். பத்து மணிக்கெல்லாம் அவள் கூடை காலியாகிவிடும். அப்புறம் சாவகாசமாக எங்கள் கடைக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லைக் கொண்டுவரச் சொல்வாள்.