யாரையும் பின்பற்றாதே, எல் சைஸ்

ஊரே எதிர்த்தாலும் மனசாட்சிப்படி தனியாக நடக்கும் நாயகனைப் பற்றிய படம். நாளை முதல் காட்சி.

அதற்கு எங்கள் கோவில்பதாகை ஏரியா நண்பர்கள் செட் மொத்தமும் ஒரே கறுப்பு டி-ஷர்ட்டில் போகவேண்டுமாம். முதுகில் ‘யாரையும் பின்பற்றாதே’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

இன்று ஆவடி பிரிண்டிங் கடையில் நண்பன் சேகர் எனக்கும் ஒன்றை நீட்டினான்.

“வேணாம்டா. நான் என் சட்டையிலயே வர்றேன்.”

“இன்னா மாமே, எல்லாரும் போட்டுகினு வரசொல்ல நீ மட்டும் தனியா தெரிவியே?”

“படமே அதைத்தானடா சொல்லுது!”

“அது ஹீரோவுக்கு. நீ இன்னா ஹீரோவா?”

என் டி-ஷர்ட்டை அங்கேயே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். வீடு வந்து பார்த்தால், வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

என் டிக்கெட் அவர்களிடம்தான் இருக்கிறது.

நாளை காலைக்குள் அந்த டி-ஷர்ட், எல் சைஸில், யாரிடமாவது கிடைக்குமா மக்களே?