அப்பாவின் பகல் தூக்கத்துக்கு ஒரு பாதாம் மரம்

பாதாம் கன்றை நட்ட காலையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். தங்கை இல்லை, லைங் தாயா ஆடைத் தொழிற்சாலைக்கு முதல் பேருந்திலேயே போய்விட்டாள்.

மிங்கலாடோனில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அப்பாவுக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகலில்தான் தூங்க வேண்டும். வெயில் ஏறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். காவலில் கண்ணயர்ந்து ஒருமுறை மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். வீட்டில் முதலில் படித்தவன் நான். நிழலும் வேண்டும், குளிர்காலத்தில் இலை சிவக்கவும் வேண்டும் என்று பாதாமைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

நான்கு ஆண்டில் மரம் கூரைக்கு மேல் கிளை விரித்தது. நிழல்தான் வரவில்லை. அம்மா காலையில் தெருமுனையில் அவித்த பட்டாணி விற்பாள். எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து, இலையில் மடித்து, ஈர்க்கு குத்திக் கொடுப்பாள். பாதாம் இலை அகலம், காசும் இல்லை. தொரட்டிக்கு எட்டியவை கூரைப் பக்கத்துக் கிளைகள்தாம். அவற்றை மொட்டையாக்கிவிட்டாள்.

"உங்கம்மா என் நெழலைப் பொட்டலம் கட்டி விக்கிறாடா," என்றார் அப்பா.

"வித்த காசுலதான் சோறு வேகுது," என்றாள் அம்மா.

"விட்டுடும்மா. செவந்து தானா விழட்டும்."

"செவந்த எலைல மடிச்சா எவன் வாங்குவான்? படிச்ச புள்ள, நீயே ஒரு நாள் வந்து வித்துப் பாரேன்!"

அவள் சொன்னதும் நியாயம்தான். அப்போது ஓர் அச்சகத்தில் எனக்குச் சின்ன வேலை. மழை ஓய்ந்ததிலிருந்து தினமும் சந்தையில் அறுபது கியாட்டுக்கு அம்மா பட்டாணி மடிக்க வாழையிலைக் கட்டு வாங்கி வந்தேன். மரம் அடர்ந்தது. நண்பகலிலும் அப்பாவின் குறட்டை கேட்டது. தை மாதம் இலைகள் செம்பாகி, பிறகு குங்குமமாயின. ஞாயிற்றுக்கிழமை தங்கை மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அத்தனை இலையும் கொட்டிவிட்டது.

"போச்சா? இப்ப எங்கடா நெழலு?" என்று அம்மா சிரித்தாள்.

கோடை வெயில் ஏறுவதற்குள் மரம் தளிர் விட்டு மறுபடி மூடிக்கொண்டது. அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"கூரைப் பக்கம் உங்கப்பாவுக்கு. தெருப் பக்கத்துக் கெளை எனக்கு. ஏணி வாங்கிக் குடு."

ஏணியை இரவல் வாங்கிக் கொடுத்தேன். வாழையிலை வாங்குவது நின்றது. அதுவரை நான்கு மாதத்துக்கு ஆன செலவு ஏழாயிரத்து இருநூறு கியாட்.