ஒண்ணும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அருப்புக்கோட்டை பஜாரில் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற கடை எங்களுடையது. "யாவாரம் எப்படி?" என்று யார் கேட்டாலும் அப்பா "ஏதோ ஓடுது" என்பார். வாசலில் லோடு லாரி நிற்கும்போதும் அதே "ஏதோ ஓடுது"தான். அடுப்பில் கறி கொதித்துத் தெருவே மணக்கும். பக்கத்து வீட்டு அத்தை என்ன சமையல் என்று கேட்டால் அம்மா, "என்னத்த, வெறும் ரசந்தான்" என்பாள். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். ஆசைப்பட்டதைச் சொன்னால் நடக்காமல் போய்விடும். நானும் அப்படியே வளர்ந்தேன். முழுப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு, பரீட்சை ஹால் வாசலில் நின்று "ஐயையோ, ஒண்ணுமே படிக்கலடி" என்று புலம்புவேன். என் சிநேகிதிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், காடு கரை வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் மனசில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் நாளே, "உன் தலை எண்ணெ நாத்தம் கொடலைப் புடுங்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. மறுநாள் வேறு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனேன். அதற்கப்புறம் ஏழு வருஷம் ஒரே பெஞ்சு. காலை பஸ்ஸில் வருகிறவள் தூக்குச்சட்டியில் எனக்கும் சேர்த்துக் கம்மஞ்சோறு கொண்டுவருவாள். என் இட்லியை அவள் தின்பாள். அவள் வராத நாளில் பள்ளிக்கூடமே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிளஸ் டூ கடைசி மாதத்தில் எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு நோட்டை நீட்டி, ஞாபகத்துக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். இவள் நீட்டிய நாற்பது பக்க நோட்டில் கேள்விகள் இருந்தன. பிடித்த நிறம் எது, பிடித்த சாப்பாடு எது, எதைக் கண்டால் பயம், பொழுது போகாவிட்டால் என்ன செய்வாய் என்று வரிசையாகப் பத்து. எட்டாவது, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" அதற்கு அடுத்தது, "உன் கனவு என்ன?"

"பேச்சுலதான் வழவழன்னு இருப்ப. எழுத்துலயாச்சும் உண்மையச் சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தாள்.

எட்டாவது கேள்விக்காகத்தான் மற்ற ஒன்பதும் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அந்த வத்தக்கடைப் பிள்ளை காலேஜுக்குப் போச்சுன்னா நீயும் கூடப் போ. தனியா அனுப்ப மாட்டேன்." நான் போகாவிட்டால் அவளை மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. இதை அவள் என்னிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவளுக்காக நான் சரி என்று சொல்லிவிடுவேனாம். ரோஷக்காரி. என் ஆசை தானாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள்.

நானோ எங்கள் வீட்டு வழக்கப்படி எழுதினேன். நிறம், எல்லாம் ஒன்றுதான். சாப்பாடு, எது இருந்தாலும் சரி. பயம், அப்படி ஒன்றும் இல்லை. மயில்கழுத்து நிறப் பாவாடைக்காக இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று கிடந்தவள் நான். நாய் படுத்திருந்தால் சுற்றுத்தெருவில் போகிறவள் நான்.

பொழுதுபோக்குக் கேள்வியில் கொஞ்சம் தயங்கினேன். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றைய வானத்தைப் பற்றி எழுதி வைப்பேன். மேகம் எந்தப் பக்கம் கூடியது, காற்று எப்படி, தூறல் விழுந்ததா. இப்படி ஐந்து வருஷத்துத் தாள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. ரேடியோவில் மழை என்பார்கள். நரிக்குடிப் பக்கம் ஊற்றும், எங்கள் தலைக்கு மேல் கறுத்து நின்றுவிட்டுக் கலைந்துபோகும். ஏன் இப்படி ஏய்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், பிசிக்ஸ் படித்து வானிலை ஆபீசில் வேலைக்குச் சேர வேண்டும். இது அவளுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு ஆசை வைத்திருந்ததாலேயே எழுதக் கை வரவில்லை. "மேலே படிக்கிற எண்ணம் இல்லை. கனவு ஒண்ணும் இல்லை. கல்யாணம் பண்ணி வைத்தால் போக வேண்டியதுதான்" என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்த கையோடு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து, அவள் ஊர்ப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தபோது சொன்னாள். "அவளுக்கு வார வெள்ளிக்கெழம பரிசம் போடுறாக. நீ படிக்கப் போகலன்னு கைப்பட எழுதிக் குடுத்தியாமே. அவுக அப்பா அதப் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணினாக." மாமன் மகன் கதையையும் அந்தப் பெண்தான் சொன்னாள்.

கடையில் நோட்டு வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டுக் களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"நான் எழுதினது பூராம் பொய்டி" என்றேன்.

"பெறகு ஏன் எழுதின?"

"சொன்னா நடக்காதுன்னு பயந்து..."

கையிலிருந்த வத்தலை என்மேல் விட்டெறிந்தாள். "அடி பாவி! உனக்குக் கண்ணு படக் கூடாதுன்னு எம் படிப்பக் கெடுத்துட்டியேடி!" அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, கத்தினாள். எனக்குத்தான் பொலபொலவென்று வந்தது.

சத்தம் கேட்டு அவள் அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "ஏத்தா, கைப்பட ஒண்ணு எழுதுற, வாயால ஒண்ணு சொல்லுற. எது நெசம்?"

சொன்னேன். காலண்டர் தாள், மேகம், வானிலை ஆபீசு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "அதத் தெரிஞ்சுக்கிறதுக்குக்கூடப் படிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா."

"உங்க அப்பாரு என்ன சொன்னாக?"

"இன்னும் கேக்கல."

துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புங்க ரெண்டு பேரும். நானே கேக்குறேன்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்கு வந்தோம். அப்பா எழுந்து வந்து, "வாங்க, வாங்க" என்று நாற்காலி போட்டார். அவள் அப்பா உட்காராமலே கேட்டார்.

"உங்க பிள்ளையக் காலேஜுக்கு அனுப்பப் போறீகளா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க" என்றார் அப்பா. "பொம்பளப்பிள்ள. பாஸாகுதோ என்னமோ."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். லாரி நிறைய லோடு போகிற அன்றைக்கு "ஏதோ ஓடுது" என்கிற குரல் அது. என்னை அனுப்புவதாக அப்பா ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் சம்சாரிக்கு எப்படிப் புரியும்? அவர், "சரி, அப்ப நான் வாரேன்" என்று திரும்பினார். அவள் அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

"அப்பா!" என்று கத்தினேன். தராசு பிடித்துக்கொண்டிருந்த கடைப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். "இன்னைக்கு ஒரு நாள் நேராச் சொல்லுங்கப்பா. எனக்குப் படிக்கணும். அனுப்புவீகளா, மாட்டீகளா? நீங்க சொல்லுறதுலதான் அவ படிப்பும் இருக்கு."

கடைக்குள் சரக்கு வாங்க வந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. என் முகத்தைப் பார்த்தார், படியில் நின்றவளைப் பார்த்தார். சாமி படத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"அனுப்புறேன்" என்றார். "மதுரையில ஹாஸ்டல்ல எடம் இருக்கான்னு போன வாரமே போய் விசாரிச்சுட்டு வந்துட்டேன். எம் பிள்ள நல்லாப் படிக்கும்."

என்னைப் பற்றி அப்பா வெளியாள் முன்னால் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, அவள் அப்பா தன் மகள் பக்கம் திரும்பினார். பரிசத்தை நிறுத்தச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு கேட்டார், "உனக்கு என்ன தாயி படிக்கணும்?"

என்னிடம் பத்துக் கேள்வி கேட்டவளிடம் ஏழு வருஷத்தில் நான் இதைக் கேட்டதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மல்லி மூட்டையில் சாய்ந்து நின்றாள். எதற்கும் டக்கென்று பதில் வைத்திருக்கிறவளுக்கு வார்த்தை வர நேரமானது. கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"வரலாறு படிக்கணும்ப்பா."

அவளுக்கு வரலாறு பிடிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.