ஓவர்சியர் வைத்த சரிவு

ரோட்டை அளந்தே தலை நரைத்த எங்கள் நகராட்சி ஓவர்சியரை, நடைபாதைகளைப் பார்த்து வரச்சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சாலையைக் கடக்கத் தயங்கி நின்றவருக்காக ஒரு கார் நின்றது. பதறிப்போய் டிரைவரைக் கும்பிட்டுவிட்டுக் கடந்தார்.

திரும்பியதும் ஒற்றைக்காலில் நின்று அலுவலக வாசலில் நடைபாதை போட்டார். முட்டிவலிக்காரர்கள் ஏறுவதற்கு, அங்கே பார்த்தபடியே சரிவும் வைத்தார். சரிவின் நடுவே அங்கே நட்டிருந்த குட்டைத் தூணைத்தான் மனுஷன் கவனிக்கவில்லை.

மறுவாரம் மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். "சரிவு பிரமாதம்யா! காரு அலுங்காம ஏறுது."

அன்று மாலை ஓவர்சியர், முட்டிவலிக்காரத் தன் மனைவியைக் கைபிடித்து அலுவலக வாசல் ரோட்டிலேயே நடத்திப் போனார். பின்னால் ஹார்ன் அலறியது.

"ஓரமா போக மாட்டியா பெருசு?"

ஓரத்தில், நடைபாதை மேல், மேலதிகாரியின் கார் நின்றது. ஹார்ன் அடித்த இந்த டிரைவரையும் ஓவர்சியர் கும்பிட்டார்.